ஆயாவுக்கு உடைந்தது இடுப்பெலும்பா, தொடையெலும்பா?

கேள்வி இதுதான். தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊரில் ஆயா ஈரக்காலோடு வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றத்துக்குள்) வந்து, ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கி வலது பக்கமாக விழுந்திருக்கிறார். "இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு" என்று சொல்லி ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் கம்பி இருப்பது தொடையெலும்பில். நர்சிங் முதலாண்டு படிக்கும் பேத்தி கேட்கிறார்: இடுப்பு உடைந்தால் தொடையில் ஏன் கம்பி? இடுப்பெலும்பு ஒன்றா, மூன்றா? புத்தகத்தைப் படித்தால் பெயர்கள்தான் மனப்பாடம் ஆகின்றன, எலும்பு கண்ணுக்குள் வரவில்லையே, என்ன செய்வது? கடைசி வரியில், ஆயா கம்பை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். டாக்டர் இடம் மாறிக் கம்பி வைத்துவிடவில்லை. குழப்பம் நம் பேச்சில் இருக்கிறது.

நம் ஊரில் இடுப்பு என்ற ஒரு சொல் எத்தனை இடத்தைச் சுமக்கிறது என்று பாருங்கள். சேலை செருகுகிற இடம் இடுப்பு. அங்கே பக்கவாட்டில் எலும்பே கிடையாது, வெறும் சதை. பிள்ளையைத் தூக்கி வைக்கிற ஒக்கலும் இடுப்பு. நாற்று நட்டுவிட்டு நிமிர முடியாமல் போனால் அதையும் இடுப்பு வலி என்போம், கொஞ்சம் விவரமானவர்கள் குறுக்கு வலி என்பார்கள். விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தாலும் இடுப்பு ஒடிந்தது என்றுதான் சொல்கிறோம். இங்கிலீஷிலும் இதே கதைதான்: அவர்கள் ஹிப் ஃபிராக்சர் என்பது தொடையெலும்பின் மேல்முனை முறிவையே. ஆயாவுக்கு நடந்தது அது. இடுப்பெலும்பு அநேகமாக முழுசாக இருக்கிறது.

காரைக்குடியில் நர்சிங், பிசியோதெரபி பிள்ளைகளுக்குப் பல வருஷம் உடற்கூறு எடுத்திருக்கிறேன். இடுப்பெலும்பு வகுப்பு என்றால் முதல் வேலை, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி "இடுப்பைத் தொட்டுக் காட்டு" என்பதுதான். ஆளுக்கொரு இடத்தைத் தொடுவார்கள். சிரிப்பு அடங்கினதும் எலும்பை மேஜையில் வைப்பேன்.

அந்த எலும்புக்கு ஒரு கதை உண்டு. நான் படிக்கும்போது சீனியரிடம் அரை செட் எலும்பு வாங்கினேன், ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பழந்துணி சுற்றிக் கொடுத்தார். கை, கால் எலும்பெல்லாம் பார்த்ததும் தெரிந்தது. இது மட்டும் எதைப் போலவும் இல்லை. ஒரு பக்கம் முறம் மாதிரி அகலம், நடுவில் ஒரு குழி, கீழே பெரிய ஓட்டை. பழைய உடற்கூறுப் புத்தகங்களிலும் இதற்குப் பெயர் "பெயரில்லாத எலும்பு" என்று பொருள்படும் லத்தீன் சொல்தான். உருவத்தைச் சொல்ல வேண்டுமானால், நடுவில் பிடித்து முறுக்கிவிட்ட விசிறி இறக்கை என்று சொல்லலாம். மேல் இறக்கை ஒரு திசை பார்க்கும், கீழ் இறக்கை ஏறக்குறைய அதற்குக் குறுக்கே திரும்பி நிற்கும். முறுக்கு விழுந்த இடத்தில் குழி.

சரி, ஒன்றா மூன்றா? இரண்டும் சரி. பிறக்கும்போது மூன்று: மேலே இலியம், கீழே பின்பக்கம் இஸ்கியம், கீழே முன்பக்கம் பியூபிஸ். மூன்றும் சந்திப்பது அந்தக் குழியில், பெயர் அசெட்டாபுலம். பெரிய வீட்டில் மூன்று புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பொதுவான வளவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு மட்டும் சமம் இல்லை. ஐந்து பங்கு போட்டால் இஸ்கியத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல், இலியத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைய, பியூபிஸுக்கு ஒன்று. சின்னப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் இந்த மூன்றுக்கும் நடுவே கவட்டை வடிவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது முறிவு இல்லை, இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. கீழே இஸ்கியமும் பியூபிஸும் ஏழெட்டு வயதில் கைகோத்துவிடும். குழிக்குள் இருக்கும் கவட்டை மூட 14 முதல் 16 வயது வரை ஆகும். அதற்கப்புறம் ஒரே எலும்பு. 206 என்று எண்ணும்போது இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாகத்தான் கணக்கு. ஓரங்களில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுகள் மட்டும் 20 வயதைத் தாண்டியும் முழுசாக ஒட்டாமல் இருக்கலாம். பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடுகிற பையன் பாதி வழியில் "டப்" என்று கேட்டது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். சதை வெட்டி இழுத்ததில் ஒட்டாத எலும்புத் துண்டு பெயர்ந்து வந்துவிடும். பெரியவர்களுக்குச் சதை கிழியும், பிள்ளைகளுக்கு எலும்பு பெயரும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதை இப்போதைக்கு விடுங்கள். எழுந்து நின்று உங்கள் உடம்பிலேயே தேடுங்கள்.

இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அதட்டுகிற மாதிரி நில்லுங்கள். சதைக்குக் கீழே கை தங்குகிற விளிம்புதான் இலியத்தின் மேல்முகடு. தண்ணீர்க் குடமும் பிள்ளையும் உட்காரும் திண்ணை இது. இரண்டு பக்க முகடுகளின் உச்சியையும் முதுகுப் பக்கமாக ஒரு கோட்டால் இணைத்தால், கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் போகும். சிசேரியனுக்கு முன்னால் முதுகில் ஊசி போடுகிற மயக்க மருந்து டாக்டர், இரு கையாலும் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். தண்டுவடம் பெரியவர்களுக்கு முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இடம் பார்த்துக் குத்தினால் தண்டுவடத்தில் படாது.

முகட்டின் மேல் விரலை முன்பக்கமாக ஓட்டினால் ஒரு முனையில் முடியும். ஒல்லியானவர்களுக்குக் குப்புறப் படுத்தால் பாயில் குத்துவது அதுதான். பேன்ட் தைக்கும்போது தையல்காரர் காலை உள்பக்கமாக மடக்கிச் சம்மணம் போட உதவுகிற நீளமான சதை, சார்ட்டோரியஸ், இங்கே தொடங்குகிறது. தையல்காரர் என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். இதே முனைக்குப் பக்கத்தில், கவட்டி மடிப்பின் கட்டுநார் ஓரமாக, தொடையின் வெளிப்பக்கத்துத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. வேட்டியை நழுவவிடாமல் இறுக்கிக் கட்டுகிற பச்சை பெல்ட் அந்த நரம்பை அழுத்தினால் வெளித்தொடை எரியும், மரத்துப்போகும். சர்க்கரை வியாதி, டிஸ்க் என்று எதையெதையோ தேடுவதற்கு முன்னால் பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திப் பார்க்கலாம்.

விரலைப் பின்பக்கமாக ஓட்டினால் பிட்டத்துக்கு மேலே இரண்டு குழிவுகள் கிடைக்கும். அங்கே தோலுக்கு அடியில் இருப்பது முகட்டின் பின்முனை. எலும்பு மஜ்ஜை எடுக்க ஊசி போடுவது இந்த இடத்தில்.

இப்போது ஒரு கட்டைப் பலகையில் உட்கார்ந்து இரு கையையும் பிட்டத்துக்கு அடியில் கொடுங்கள். கையைக் குத்துகிற இரண்டு முண்டுகள் இஸ்கியத்தின் அடிப்புடைப்புகள். நாம் உட்காருவது சதையில் என்று நினைக்கிறோம். உட்கார்ந்தவுடன் பிட்டச் சதை விலகிக்கொள்கிறது, பாரம் இந்த இரண்டு முண்டுகளில் இறங்குகிறது. தொடையின் பின்பக்கச் சதைகளும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. முண்டுக்கு மேல் ஒரு சின்ன நீர்ப்பை உண்டு. நாள் முழுக்கக் கெட்டியான பலகையில் உட்கார்ந்தால் அது வீங்கி வலிக்கும். இங்கிலீஷ் மருத்துவத்தில் இதற்குப் பழைய பெயரே "நெசவாளர் பிட்டம்". எனக்குத் தெரிந்த தறிக்கார அண்ணன் ஒருவர் கண்டாங்கி நெய்கிறவர். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாம் கட்டத்தையும் கரையையும் படம் எடுத்தார்கள். அவர் உட்காரும் பலகையில் நான்காக மடித்துப் போட்டிருந்த பழைய போர்வையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இரண்டு முண்டுகளுக்கும் உள்ள இடைவெளி.

பியூபிஸைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அடிவயிற்றின் கீழே நடுவில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு அது, இடதும் வலதும் ஒரு குருத்தெலும்புத் தட்டால் சேர்ந்திருக்கின்றன. பிரசவ காலத்தில் இந்த இணைப்பு சற்றே தளரும். தேர்வில் இடது எலும்பா வலது எலும்பா என்று கேட்பார்களே, அதற்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சுவரைப் பார்த்து ஒட்டி நில்லுங்கள். இலியத்தின் முன்முனையும் பியூபிஸின் முன்பக்கமும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடும். கையில் இருக்கும் எலும்பையும் அப்படியே சுவரில் வைத்து, குழியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பினால் எந்தப் பக்கத்து எலும்பு என்று அதுவே சொல்லிவிடும்.

கீழே இருக்கும் ஓட்டை உடம்பிலேயே பெரிய எலும்பு ஓட்டை. ஆனால் உயிரோடு இருப்பவருக்கு அது ஓட்டை இல்லை, சவ்வு போட்டு மூடியிருக்கும். மேல் ஓரத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் போக ஒரு சந்து மட்டும் விட்டிருக்கும்.

பின்பக்கம் ஒரு பெரிய வளைவு வெட்டு இருக்கிறது, அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு, உடம்பின் தடித்த நரம்பு, இந்த வழியாகத்தான் வெளியே வந்து பிட்டத்தின் கீழ் உள்பக்கமாக இறங்குகிறது. பிட்டத்தை நான்காகப் பிரித்து மேல் வெளிப்பக்கக் கால்வாசியில் ஊசி போடு என்று உங்களுக்குச் சொல்லித் தருவது இந்த நரம்புக்குப் பயந்துதான். அதைவிடப் பத்திரமான இடம் பக்கவாட்டில் உண்டு: உள்ளங்கையைத் தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் துருத்துகிற பக்கமேட்டில் வைத்து, ஆள்காட்டி விரலை இலியத்தின் முன்முனையில் வைத்து, நடுவிரலை முகட்டை நோக்கி விரித்தால் இரண்டு விரலுக்கும் இடையில் கிடைக்கும் முக்கோணம். பெரிய நரம்பும் பெரிய ரத்தக்குழாயும் அங்கே இல்லை. எலும்பு தெரிந்தால்தான் அந்த இடமே கிடைக்கும்.

இதே வெட்டு வேறொரு கதையும் சொல்லும். பெண்ணுக்கு இது அகலம், ஆணுக்குக் குறுகல். கட்டைவிரலை வைத்தால் பெண்ணின் எலும்பில் விரல் ஆடும், ஆணின் எலும்பில் சிக்கென்று நிற்கும். முன்பக்கம் இரண்டு பியூபிஸுக்கும் கீழே உள்ள கோணமும் பெண்ணுக்கு விரிவு. பிள்ளை வெளியே வரும் வழியல்லவா. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளுக்குள் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. எங்கே எலும்புக்கூடு கிடைத்தாலும் ஆணா பெண்ணா என்று பார்க்க முதலில் தேடுவது மண்டையோட்டை இல்லை, இடுப்பெலும்பை.

இப்போது குழிக்கு வருவோம். ஆயாவின் கதை இங்கேதான்.

அசெட்டாபுலம் என்றால் லத்தீனில் வினிகர் ஊற்றி வைக்கிற சின்னக் கிண்ணம். எனக்கு ஆட்டுக்கல் என்றால்தான் சரியாக வருகிறது. கல்லைப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் பார்க்கச் சாய்த்துவிட்டு, குழவியை வெளியில் இருந்து பொருத்தினால் அதுதான் இடுப்பு மூட்டு. குழவி என்பது தொடையெலும்பின் தலை. குழி முழுக்க வழவழப்பு இல்லை. லாட வடிவில் ஒரு பட்டையில்தான் குருத்தெலும்பு, நடுவில் கொழுப்பு. லாடத்தின் வாய் கீழே பார்க்கும், பாரம் ஏறுகிற மேல்பக்கம் பட்டை அகலம். எலும்புக் குழிக்கு ஆழம் போதாது என்பதால் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தும் கலந்த ஒரு வளையம் கட்டியிருக்கிறது. தோள்பட்டை லேசில் கழன்றுவிடும், இடுப்பு அப்படிக் கழலாது என்பதற்கு இந்த ஆழம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் முன்பக்கம் இருக்கும் கட்டுநார். தலைகீழ்க் கவட்டை வடிவம், உடம்பிலேயே வலுவான கட்டுநார். பிள்ளையார்பட்டியில் விசேஷ நாளில் வரிசையில் நிற்கிறவர்களைக் கவனியுங்கள். அரை மணி ஆனதும் வயிற்றை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து நிற்பார்கள். சதைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு உடம்பை இந்தக் கட்டுநாரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலை நீட்டினால் அது முறுக்கேறும், மடக்கினால் தளரும். உள்ளே போய்த் தோப்புக்கரணம் போடும்போது அது வழிவிட்டுவிடும்.

குழிக்குள் இருக்கும் தலை நேராகத் தொடையெலும்போடு சேரவில்லை. நடுவில் ஒரு சாய்ந்த கழுத்து இருக்கிறது. கழுத்து தொடைத்தண்டோடு சேருமிடத்தில் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது பக்கமேடு. வயதானவர் பக்கவாட்டில் விழும்போது தரையில் மோதுவது இந்த மேடுதான். எலும்பு நைந்து போயிருந்தால் முறிவது கழுத்து, அல்லது கழுத்தும் தண்டும் சேருகிற இடம். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். ஆயாவைத் தூக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கழுத்திலேயே முறிந்தால் ஒரு சிக்கல் உண்டு. தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. முறிவில் அவை அறுந்தால் தலைக்கு ரத்தம் இல்லை, ஒட்டவைத்தாலும் உள்ளே செத்துப்போகலாம். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் அங்கே ரத்த ஓட்டம் தாராளம், கம்பியோ தகடோ வைத்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஆயாவுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள் என்றால் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. இரண்டு இடுப்பெலும்பும், பின்னால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பான திரிகமும் சேர்ந்தால் ஒரு வளையம். கை முறுக்கின் ஒரு சுற்றை ஒரே இடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்கள், முடியாது. எதிர்ப்பக்கமும் விரிசல் விடும். அதனால் வாகன விபத்தில் வளையம் ஓரிடத்தில் முறிந்திருந்தால் இன்னோர் இடத்தையும் தேடுவார்கள். உள்ளே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. ஆனால் வீட்டில் வழுக்கி விழுகிற பெரியவர்களுக்குப் பியூபிஸின் மெல்லிய கிளை முறிவது வேறு ரகம். வலி அதிகம், ஆனால் வளையம் நிலைகுலையாது, பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். வலி மாத்திரையோடு வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். இந்தப் பெரியவர்களுக்கு, "இடுப்பெலும்பு முறிவு" என்று சரியாகச் சொல்லத்தக்கதற்குப் பெரும்பாலும் கத்தி இல்லை, சொல் மாறிச் சொல்வதற்குத்தான் கத்தி!

நாளைக்கு வார்டில் யாராவது இடுப்பு வலி என்றால் ஒரே ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். கவட்டி மடிப்பைக் காட்டினால் பெரும்பாலும் மூட்டு. வெளிப்பக்க மேட்டைக் காட்டினால், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வந்தவர்களுக்கு வருகிற மாதிரி, மேட்டில் ஒட்டும் சதையின் நாண். பின்னால் காட்டினால் குறுக்கு.

கடைசியாகக் கம்பு. ஒற்றைக்காலில் நிற்கும்போது உடம்பு அந்தரத்தில் இருக்கும் கால் பக்கமாகச் சாயப் பார்க்கும். சாயாமல் பிடிப்பது நிற்கிற பக்கத்து இலியத்தில் இருந்து பக்கமேட்டுக்குப் போகும் சதை. அது மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, உடம்பின் பாரமோ தூரத்தில். சீசா பலகையில் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எடை கூடுதலாக இருந்தால்தானே எதிர்முனையில் உள்ளவனைத் தூக்க முடியும்? அதுபோல அந்தச் சதை பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பும் உடம்பின் எடையும் சேர்ந்து மூட்டில் விழுவது உடம்பின் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. எதிர்ப்பக்கக் கையில் கம்பை ஊன்றினால், பலகையின் தூர முனையை ஒருவர் கீழிருந்து தாங்குகிற மாதிரி. சதை குறைவாக இழுத்தால் போதும், மூட்டுக்கும் பாரம் குறையும்.

ஆகவே வலது பக்கம் முறிந்த ஆயாவுக்கு, வாக்கரை விடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கம்பு இடது கையில். கம்பும் வலது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பூக்கூடை தூக்கித்தான் தீருவேன் என்று அடம்பிடித்தால் அது வலது கையில் இருக்கட்டும். கூடையை முறிந்த பக்கமே பிடித்தால் அந்தச் சதைக்கு வேலை குறைவு. பலமான கையில் கம்பு பிடிப்பதுதான் சரி என்று ஆயா சண்டைக்கு வருவார். வளவில் நாலு நடை அந்தக் கையில், நாலு நடை இந்தக் கையில் என்று நடக்கவிட்டு, எதில் வலி குறைவு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நடக்கவிடும் முன் தரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.